மூன்று மாதம் எங்கள் பேக்டரி மெயிலை வேறு யாரோ படித்துக்கொண்டிருந்தார்கள்

கோத்தகிரி கணக்கர்
2025 டிசம்பர் 3, இரவு 9.10

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் கணக்குப் பார்க்கிறேன். சொந்தத் தோட்டம் கிடையாது; சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி சி.டி.சி. தூள் தயாரிக்கும் பேக்டரி. போன மாதம் எங்களுக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். மலையில் பல ஆபீஸ்கள் எங்களைப் போலத்தான் ஓடுகின்றன: ஒரு ஜிமெயில் கணக்கு, ஒரு கம்ப்யூட்டர், அதில் உட்காரும் இரண்டு மூன்று பேர். அவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஏலத்துக்குப் போகாமல் எங்களிடம் நேராகத் தூள் வாங்கும் வெளிமாநில வியாபாரி ஒருவர் இருக்கிறார். நவம்பர் 11 அன்று அவர் ஆபீஸிலிருந்து போன். "சார், நீங்க புதுசா கொடுத்த அக்கவுண்ட்ல பேர் வேற வருதே, அதுலயே போட்டுடலாமா?" நான் எந்தப் புதுக் கணக்கும் கொடுக்கவில்லை. ஆர்.டி.ஜி.எஸ். போடும் முன் கணக்குக்கு உரியவர் பெயரைக் காட்டும் வசதி இந்த ஏப்ரலிலிருந்து வங்கிகளில் வந்திருக்கிறது அல்லவா, அதில் எங்கள் பேக்டரி பெயர் வராமல் யாரோ ஒரு தனியாள் பெயர் வந்திருக்கிறது. அந்த ஒரு போன் 6,40,000 ரூபாயைக் காப்பாற்றியது. ஆனால் அதற்கு ஐந்து நாள் முன்பு அதே கணக்குக்கு 2,85,000 ரூபாய் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அன்று பணம் போட்டவர் பெயரைப் பார்க்கவில்லை.

வந்த மெயிலை எனக்கு அனுப்பச் சொன்னேன். படிக்கும்போது கை நடுங்கியது. நான் எப்போதும் முதலில் இன்வாய்ஸ் எண், அடுத்து மூட்டை எண்ணிக்கை, அப்புறம் கிரேடு என்று எழுதுவேன். அதே வரிசை. கடைசியில் நான் போடும் வணக்கம்கூட அப்படியே. கீழே எங்களுக்குள் நடந்த பழைய மெயில்கள் நான்கும் ஒட்டியிருந்தன. "ஆடிட் நடப்பதால் இந்த மாதம் மட்டும் கீழ்க்கண்ட கணக்கில் செலுத்தவும்" என்ற ஒரு வரிதான் புதிது. அனுப்பியவர் முகவரியில் ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டு எழுத்துகள் ஒட்டி நின்றன. போன் திரையில் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

எங்கள் மெயிலைப் படிக்காமல் இதை எழுதியிருக்க முடியாது என்று அப்போதே புரிந்துவிட்டது. செட்டிங்ஸில் தேடியபோது ஃபில்டர்ஸ் (வரும் மெயிலைத் தானாகப் பிரிக்கும் விதிகள்) பகுதியில் நாங்கள் போடாத ஒன்று இருந்தது. இன்வாய்ஸ், பேமெண்ட், பேங்க் ஆகிய சொற்களில் ஏதாவது ஒன்று வந்தால் அந்த மெயிலின் நகல் வெளி முகவரி ஒன்றுக்குப் போய்விடும்.

தொடக்கம் எங்கே என்று பின்னோக்கிப் பார்த்தோம். ஆகஸ்ட் இரண்டாவது வாரம், நல்ல மழை, காலையிலிருந்து மூன்று முறை கரண்ட் போன நாள். ஜி.எஸ்.டி. நோட்டீஸ் என்று ஒரு மெயில். இணைப்பில் ஒரு ஜிப் கோப்பு, அதற்குள் பி.டி.எஃப். படம் போட்ட ஒரு கோப்பு. எங்கள் ஆபீஸ் பையன் இரண்டு முறை கிளிக் செய்திருக்கிறான், எதுவும் திறக்கவில்லை. கரண்ட் பிரச்சினை என்று நினைத்து விட்டுவிட்டான். அந்த வாரம் முழுக்க ஜிமெயிலின் மேலே 'உங்கள் ஃபில்டர் மெயில்களை வெளியே அனுப்புகிறது' என்று ஒரு வரி வந்துகொண்டிருந்ததாம். கூகுள் ஒரு வாரம் வரைதான் அந்த எச்சரிக்கையைக் காட்டும். விளம்பரம் என்று நினைத்து யாரும் படிக்கவில்லை. நானும்தான்.

ஆன்டிவைரஸ் காசு கொடுத்து வாங்கியது. இன்று வரை பச்சை டிக் காட்டுகிறது. இது எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாங்கள் இன்னும் என்னென்ன பார்க்க வேண்டும்?


குந்தா இலை
டிசம்பர் 3, இரவு 9.52

ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறேன், இலை போடுகிறவன். எனக்கு ஒரே கேள்விதான். பேக்டரியில் சேரும்போது ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம், சிட்டா, போன் நம்பர் எல்லாம் கொடுக்கிறோம். மாதாமாதம் இலைப் பணம் போட நீங்கள் வங்கிக்கு ஒரு பட்டியல் அனுப்புவீர்கள். அந்தப் பட்டியல் அந்த மெயிலில்தானே கிடக்கிறது? ஆறு லட்சம் தப்பியது சந்தோஷம். எங்கள் தாள்கள் போனதா, இல்லையா?


கோத்தகிரி கணக்கர்
டிசம்பர் 3, இரவு 10.20

போய்விட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் அண்ணா. ஒவ்வொரு மாதமும் வங்கிக்கு அனுப்பும் எக்ஸெல் தாளில் 412 பேரின் பெயர், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி., தொகை இருக்கிறது. 'பேங்க்' என்ற சொல் அந்த மெயிலின் தலைப்பிலேயே உண்டு, கணக்குக்குள் நுழைந்தவன் தேடினால் உடனே கிடைக்கும். நீங்கள் கேட்டதற்கு அப்புறம்தான் அந்தக் கோணத்தில் சென்ட் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஆதார் நகல்களும் சிலருடையது மெயிலில் இருக்கின்றன. இதை முதலாளியிடம் நாளை காலை முதல் வேலையாகச் சொல்கிறேன்.


குன்னூர் நெட்வொர்க்
டிசம்பர் 4, காலை 6.40

பெட்போர்டு பக்கம் கடை. பேக்டரிகளுக்கும் இரண்டு பள்ளிகளுக்கும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். பச்சை டிக் பற்றிக் கேட்டீர்கள், அதிலிருந்து தொடங்குகிறேன்.

விண்டோஸ் வாங்கும்போதே கோப்பின் வால் பெயரை மறைத்துத்தான் வருகிறது. 'நோட்டீஸ்.பி.டி.எஃப்.இ.எக்ஸ்.இ' என்று இருப்பது உங்கள் கண்ணுக்கு 'நோட்டீஸ்.பி.டி.எஃப்' என்று மட்டும் தெரியும். படமும் பி.டி.எஃப். படம். உங்கள் பையன் கிளிக் செய்தது தாள் இல்லை, ஒரு நிரல். எதுவும் திறக்காததால் வேலை நடக்கவில்லை என்று அவர் நினைத்தார். அதன் வேலை அதற்குள் முடிந்திருக்கும்.

இந்த வகைக்குத் தகவல் திருடி என்று பெயர் வைக்கலாம். ரெட்லைன், லுமா, ஏஜென்ட் டெஸ்லா என்று பல பெயர்களில் உலவுகின்றன. நிமிடக் கணக்கில் முடிகிற வேலை. குரோமில் சேமித்து வைத்த கடவுச்சொற்களை எடுக்கும். அதோடு குக்கீயையும் எடுக்கும். முக்கியமானது இந்தக் குக்கீதான். நீங்கள் காலையில் ஒருமுறை ஜிமெயிலுக்குள் நுழைந்துவிட்டால் மறுபடி மறுபடி ஓ.டி.பி. கேட்காமல் விடுகிறதே, அது அந்தக் குக்கீயைப் பார்த்துத்தான். அதைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டால் அவனையும் ஓ.டி.பி. கேட்காமல் உள்ளே விட்டுவிடும். எடுத்ததையெல்லாம் டெலிகிராம் போன்ற சாதாரண சேவை வழியாக அனுப்புவதும் உண்டு, அதனால் நெட்வொர்க்கைப் பார்த்தாலும் சந்தேகம் வராது. இவற்றில் பல, வேலை முடிந்ததும் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். ஆகஸ்டில் வந்து ஆகஸ்டிலேயே போய்விட்டதை நவம்பரில் ஸ்கேன் செய்தால் எங்கே கிடைக்கும்? ஆன்டிவைரஸ் பொய் சொல்லவில்லை. அது தேடும் இடத்தில் ஒன்றும் இல்லை. அதற்கு அப்புறம் நடந்ததெல்லாம் கூகுள் பக்கத்தில், உங்கள் கம்ப்யூட்டரைத் தொடாமலே நடந்தது.

இன்னொரு வகை தங்கிவிடும். விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் பவர்ஷெல், டாஸ்க் ஷெட்யூலர் ஆகிய கருவிகளையே வேலைக்காரனாக வைத்துக்கொண்டு, தனியாகக் கோப்பு எதுவும் வைக்காமல் ஓடும். உங்களிடம் எது வந்தது என்று இப்போது உறுதியாகச் சொல்ல வழியில்லை. அதனால் கம்ப்யூட்டரை முழுக்க அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். அது இன்னும் விண்டோஸ் 10 என்றால் 2025 அக்டோபர் 14 உடன் அதன் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன, 11-க்கு மாறுங்கள். டேலி கணக்கு மென்பொருளும் விண்டோஸும் காசு கொடுத்து வாங்கியதுதானா என்றும் பாருங்கள். திருட்டு ஆக்டிவேட்டர் போட்ட கம்ப்யூட்டர்களில் இந்தத் திருடிகளை நானே பல முறை எடுத்திருக்கிறேன்.

வரிசை முக்கியம். முதலில் வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஜிமெயில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பழைய கம்ப்யூட்டரிலேயே மாற்றினால் புதியதும் போகும். 'யுவர் டிவைசஸ்' பக்கத்தில் தெரியாத சாதனங்களை வெளியேற்றுங்கள். மீட்பு போன் எண், மீட்பு மெயில் உங்களுடையதுதானா? அனுமதி கொடுத்த வெளி ஆப்கள் என்னென்ன? அப்புறம் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டும். பலர் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். கடவுச்சொல் மாறினாலும் ஃபில்டர் அப்படியே இருக்கும். மெயில் வெளியே போய்க்கொண்டே இருக்கும். முதலாளியின் சொந்த மெயிலையும் பாருங்கள், அதே கம்ப்யூட்டரில் ஒருமுறை திறந்திருந்தாலும் போதும்.


கூடலூர் வாசகர்
டிசம்பர் 4, காலை 8.15

இத்தனை எழுதுகிறீர்கள். முன்பின் தெரியாத மெயிலைத் திறந்தது அந்தப் பையன். அவனை இன்னும் வேலையில் வைத்திருக்கிறீர்களா? ஒருவரை அனுப்பினால்தான் மற்றவர்களுக்குப் பயம் வரும்.


கோத்தகிரி கணக்கர்
டிசம்பர் 4, பிற்பகல் 1.30

வைத்திருக்கிறோம், வைத்திருப்போம். உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் இதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆகஸ்டில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரிந்ததே அந்தப் பையன் தானாக வந்து சொன்னதால்தான். "அண்ணா, மழை நாள்ல ஒரு நோட்டீஸ் தொறக்கல, அதுவா இருக்குமோ" என்று. அவன் பயந்து வாயை மூடியிருந்தால் நாங்கள் அந்தக் கம்ப்யூட்டரையே இன்னும் ஓட்டிக்கொண்டிருப்போம். கிளிக் செய்த அன்றே சொல்லியிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும் விஷயம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். போன வருடம் பிரிண்டர் கெட்டபோது நான் திட்டியதை நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டானாம். அந்தப் பதில் எனக்குத்தான் உறைத்தது. இனி எங்கள் ஆபீஸில் 'தப்பா கிளிக் பண்ணிட்டேன்' என்று சொல்பவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று முதலாளியிடமே பேசி முடிவு செய்துவிட்டோம்.

தவிர, அன்று அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தாலும் திறந்திருப்பேன். ஜி.எஸ்.டி. நோட்டீஸ் என்றால் எந்தக் கணக்கருக்கும் வயிறு கலங்கும். உண்மையான நோட்டீஸ் என்றால் ஜி.எஸ்.டி. தளத்தில் நாமே உள்ளே நுழைந்து பார்த்தால் இருக்கும், மெயில் இணைப்பைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. இதை அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை.


ஊட்டி காட்டேஜ்
டிசம்பர் 4, மாலை 5.05

நாங்கள் எல்க் ஹில் பக்கம் ஆறு அறை வைத்திருக்கிறோம். எங்களுக்கு வந்தது வேறு மாதிரி. சீசன் நேரத்தில், முன்பதிவுத் தளத்தின் பெயரில் 'விருந்தினர் உங்கள் மேல் புகார் கொடுத்திருக்கிறார், 24 மணி நேரத்தில் பதில் சொல்லவும்' என்று மெயில். லிங்கைத் தொட்டால் 'நான் ரோபோ அல்ல' என்ற பெட்டி. அதை டிக் செய்ததும் சரிபார்ப்புக்கு மூன்று படி என்று வந்தது: விண்டோஸ் பொத்தானோடு ஆர், கண்ட்ரோலோடு வி, அப்புறம் என்டர். ரிசப்ஷனில் இருந்த தங்கை முதல் இரண்டும் அழுத்திவிட்டாள். பெட்டிக்குள் ஒரு நீளமான கட்டளை வந்து விழுந்தது. 'இது என்னக்கா?' என்று என்னைக் கூப்பிட்டாள். என்டரை அழுத்தவில்லை. அதனால் தப்பித்தோம்.

பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது, விடுதிகளைக் குறிவைத்து இதே உத்தி நடப்பதாக மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச்சில் விரிவாக எழுதியிருக்கிறது. அந்தப் பக்கம் நமக்குத் தெரியாமல் கட்டளையைக் கிளிப்போர்டில் நகலெடுத்து வைத்துவிடும். ஒட்டி ஓட்டுவது நம் கையால். நாமே ஓட்டுவதால் டவுன்லோட் எச்சரிக்கை எதுவும் வராது.

எங்களிடம் விருந்தினர்களின் அடையாள அட்டை நகல்கள் இருக்கின்றன. எங்கள் கணக்கு வேறு கைக்குப் போனால் எங்கள் பெயரிலேயே விருந்தினருக்கு 'கார்டு ஏற்கவில்லை, மறுபடி பணம் கட்டுங்கள்' என்று செய்தி போகும். அப்படிப் போனால் இங்கே தங்க யார் வருவார்கள்?


குன்னூர் நெட்வொர்க்
டிசம்பர் 4, இரவு 7.30

தங்கைக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள் அக்கா. ரிசப்ஷன் கம்ப்யூட்டரில், விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தினால் வரும் அந்த ரன் பெட்டியே தேவையில்லை. விண்டோஸ் புரோ என்றால் குரூப் பாலிசியில் அதை அணைத்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. அப்படியே கோப்புகளின் வால் பெயர் தெரியும்படி வையுங்கள். ஜே.எஸ்., வி.பி.எஸ். வால் உள்ள கோப்புகள் நோட்பேடில் திறக்கும்படி மாற்றிவிடுங்கள். யாராவது கிளிக் செய்தாலும் எழுத்துதான் தெரியும், ஓடாது. ரவுட்டரில் டி.என்.எஸ். (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை) எண்ணை 9.9.9.9 என்று மாற்றினால் குவாட்9 சேவை, கெட்டது என்று தெரிந்த தளங்களைத் திறக்க விடாது. இலவசம். எல்லாவற்றையும் தடுக்காது, ஆனாலும் வாசலில் ஒரு காவல்.

தினமும் வேலை பார்க்கும் கணக்கு அட்மின் (எதையும் மாற்ற உரிமை உள்ள) கணக்காக இருக்கக் கூடாது. நான் போகிற ஆபீஸ்களில் பாதிக்கு மேல் அட்மினில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.


அரவேணு பழைய வங்கியாளர்
டிசம்பர் 5, காலை 10.00

வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். பணப் பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

போன 2,85,000 ரூபாய்க்கு வியாபாரி சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் பேசினாரா? பணம் அனுப்பியவர்தான் பேச வேண்டும். அந்த எண்ணில் புகார் பதிவானதும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போய், மிச்சம் இருப்பதை நிறுத்தி வைப்பார்கள். அதற்குள் பணம் நான்கு கணக்கு மாறியிருக்கும், அதனால் மணிக் கணக்குதான் பேச்சு. ஐந்து நாள் என்றால் கொஞ்சம்தான் மிஞ்சும்.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையைப் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், மூன்று வேலை நாளில் சொன்னால் பணம் திரும்பும் என்று. அது வாடிக்கையாளர் அனுமதிக்காத பரிமாற்றத்துக்கு. இங்கே வியாபாரி தன் கையாலேயே அனுப்பியிருக்கிறார். அதைக் காட்டிக் கேட்பது கடினம்.

கணக்கு எண் மாறியது என்று மெயிலில் வந்தால், அந்த மெயிலில் இருக்கும் போன் நம்பருக்குப் பேசக் கூடாது. நம் பழைய டைரியில் இருக்கும் நம்பருக்குப் பேச வேண்டும். நான் மேலாளராக இருந்தபோது ஃபேக்ஸில் வந்த கடிதத்துக்கும் இதையே செய்தோம். உங்கள் இன்வாய்ஸிலேயே 'எங்கள் கணக்கு எண் மாறாது. மாறினால் நேரில் அல்லது போனில் சொல்வோம், மெயிலில் சொல்லமாட்டோம்' என்று அச்சடித்துவிடுங்கள். வங்கியில் ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் ஒப்புதல் கொடுக்கும் முறையைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு பேரும் ஒரே கம்ப்யூட்டரில் ஒப்புதல் கொடுத்தால் பயன் இல்லை. ஒருவர் போனில் கொடுக்கட்டும்.

இன்னொன்று, வங்கித் தளங்கள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. அந்த வால் வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும். இணைய வங்கிக்குள் நுழையும் முன் அதைப் பார்க்கப் பழகுங்கள். பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாக நம் போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும் டிஜிட்டல் சாவி) கொடுக்கிற இடத்தில் அதை வையுங்கள். அது தளத்தின் முகவரியோடு பிணைந்தது. போலித் தளத்தில் நாம் ஏமாந்தாலும் அது ஏமாறாது. கூகுள் 2017 தொடக்கத்தில் தன் 85,000-க்கு மேற்பட்ட ஊழியர்களுக்கும் இதே தத்துவத்தில் இயங்கும் பாதுகாப்புச் சாவி என்ற சிறு கருவியைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பின் ஃபிஷிங்கில் (போலி மெயில், போலித் தளம் காட்டி ஏமாற்றுவதில்) ஒரு கணக்கும் போகவில்லை என்று 2018-இல் சொன்னது.


குன்னூர் நெட்வொர்க்
டிசம்பர் 5, காலை 10.25

ஐயா சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பாஸ்கீ கடவுச்சொல் திருட்டைத் தடுக்கும், குக்கீ திருட்டைத் தடுக்காது. கம்ப்யூட்டருக்குள் திருடி வந்துவிட்டால் பாஸ்கீ வைத்தவருக்கும் ஆபத்துதான். இரண்டு பக்கமும் அடைக்க வேண்டும்.


மஞ்சூர் சங்கம்
டிசம்பர் 5, மாலை 6.15

கூட்டுறவுப் பக்கம் வேலை செய்கிறேன். எங்களைப் போன்ற இடங்களில் 'நம்மகிட்ட என்ன இருக்கு, நம்மள யார் ஹேக் பண்ணப் போறாங்க' என்ற பேச்சு அடிக்கடி வரும். கணக்கரின் பதிவை அச்செடுத்து எங்கள் ஆபீஸில் ஒட்டியிருக்கிறேன்.

சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பது என்றால் எவ்வளவு என்று இரண்டு உதாரணம். பங்களாதேஷ் மத்திய வங்கியிலிருந்து 8.1 கோடி டாலர் போனது 2016 பிப்ரவரியில். வேலை கேட்டு எழுதுவது போன்ற மெயில்கள் அங்கே வந்தது 2015 ஜனவரியில். ஒரு வருடம் உள்ளேயே இருந்து வங்கி எப்படி நடக்கிறது என்று படித்திருக்கிறார்கள். கணக்கரே, அவர்கள் உங்கள் இன்வாய்ஸ் எழுதும் வரிசையைப் படித்ததும் இதுவேதான், தொகைதான் வேறு.

இரண்டாவது நம் மாநிலத்திலேயே. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பக்கத்துக் கம்ப்யூட்டர் ஒன்றில் மால்வேர் இருந்ததை அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. இணையத்தோடு இணைந்த கம்ப்யூட்டர் அது. உலையை இயக்கும் அமைப்பு அதிலிருந்து பிரிந்து தனியாக இருந்ததால் அங்கே போகவில்லை என்றார்கள். நான் இதில் எடுத்துக்கொள்வது பிரித்து வைத்ததைத்தான். மெயில் பார்க்கும் கம்ப்யூட்டரும் வங்கி வேலை பார்க்கும் கம்ப்யூட்டரும் ஒன்றாக இருக்கக் கூடாது. பழைய லேப்டாப் ஒன்றைச் சுத்தம் செய்து, வங்கிக்கு மட்டும் என்று ஒதுக்கி, அதில் மெயில், வாட்ஸ்அப் வெப், பென் டிரைவ் மூன்றும் கூடாது என்று வைத்தாலே பெரிய பாதுகாப்பு.

சட்டப் பக்கம்: 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி இப்படிப்பட்ட சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும். தனிநபர் தரவுச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் போன மாதம்தான் வெளியாயின. தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும் என்ற பொறுப்பு நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் இருக்கிறது. அவகாசம் இருக்கிறது என்று இலை விவசாயிகளிடம் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். கணக்கு எண்ணும் பெயரும் போன் நம்பரும் கையில் வைத்திருப்பவன் நாளை 'பேக்டரியிலிருந்து பேசறேன், இலை போனஸ் வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க' என்பான். கடைசியாகப் போட்ட தொகையைக்கூடச் சரியாகச் சொல்வான். யார் நம்பமாட்டார்கள்?


குந்தா இலை
டிசம்பர் 5, இரவு 8.40

நான் கேட்க வந்ததைத் தம்பி சொல்லிவிட்டார். எங்கள் இலை வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் 'பி.எம். கிசான்' என்று ஒரு ஏ.பி.கே. கோப்பு (போனில் ஆப் போடும் கோப்பு) வந்தது. அனுப்பியது எங்கள் ஊர் ஆள்தான், அதனால் நான்கு பேர் போட்டுவிட்டார்கள். அவர் அனுப்பவே இல்லையாம், அவர் போனிலிருந்து தானாகப் போயிருக்கிறது. ஒருவருக்குக் கணக்கில் 9,000 ரூபாய் போய்விட்டது.


குன்னூர் நெட்வொர்க்
டிசம்பர் 5, இரவு 9.15

அது எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி வாங்கிக்கொண்டு ஓ.டி.பி.யை அப்படியே வெளியே அனுப்பும். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று பல வேஷத்தில் வருகிறது. போட்டவர்கள் உடனே ஏரோபிளேன் மோடில் வைத்து, வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கிக்கும் 1930-க்கும் பேச வேண்டும். பிறகு போனை ஃபேக்டரி ரீசெட். என்ன அரசுத் திட்டமானாலும் ஆப் பிளே ஸ்டோரில்தான், வாட்ஸ்அப்பில் வரும் கோப்பு எதுவும் ஆப் இல்லை என்று எடை போடும் இடத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். இலை போட வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள்.

நான்கு பேரும் குன்னூர் பக்கம் வந்தால் என் கடைக்கு வரச் சொல்லுங்கள் அண்ணா. பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம்.


கோத்தகிரி கணக்கர்
டிசம்பர் 14, இரவு 8.30

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் சொன்னதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தோம்.

குன்னூர் நண்பர் சொன்னபடி முதலாளியின் சொந்த மெயிலைத் திறந்து பார்த்தோம். அங்கேயும் ஒரு ஃபில்டர் இருந்தது. எங்கள் வங்கியிலிருந்து வரும் எச்சரிக்கை மெயில்கள் இன்பாக்ஸுக்கு வராமல் நேராகக் குப்பைக்குப் போகும்படி. அவர் அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "வேற எங்கெல்லாம் என் பாஸ்வேர்டு போட்டிருக்கேன்னு ஒரு லிஸ்ட் எடு" என்றார். அந்தப் பட்டியலை எடுத்து முடிக்கவே ஒரு நாள் ஆனது.

பழைய கம்ப்யூட்டரை அழித்துப் புதிதாகப் போட்டாயிற்று. வங்கிக்குத் தனி லேப்டாப், பீரோவில் இருக்கிறது, சாவி என்னிடம். நான் பதிவு செய்வேன், முதலாளி தன் போனில் ஒப்புதல் கொடுப்பார். இலைப் பட்டியலை வங்கிக்கு மெயிலில் அனுப்புவதை நிறுத்திவிட்டோம், வங்கித் தளத்திலேயே நேராக ஏற்றுகிறோம். மெயிலில் கிடந்த ஆதார் நகல்களை அழித்தோம், குப்பைப் பெட்டியையும் காலி செய்தோம். இதை நினைத்தால்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது: ஆறு வருடத்துத் தாள்கள், எதற்கும் தேவைப்படாதவை, வெறுமனே அங்கே கிடந்தன. காப்பு நகல் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், வாரம் ஒன்று மாற்றி ஒன்று முதலாளி வீட்டுக்குப் போகும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுவோம்.

1930-இல் வியாபாரி கொடுத்த புகாரில் 62,000 ரூபாயை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மீதியை அவரும் நாங்களும் பாதிப் பாதி ஏற்றுக்கொள்வதாகப் பேசி முடித்தோம். ஊட்டி சைபர் கிரைம் காவல் நிலையத்தில் நாங்களும் தனியாகப் புகார் கொடுத்தோம். செர்ட்-இன்னுக்கும் எழுதிவிட்டோம், ஆறு மணி நேரம் எப்போதோ தாண்டிய பிறகுதான்.

இன்று ஞாயிறு, இலை எடை போடும் கொட்டகையில் விவசாயிகளைக் கூப்பிட்டுச் சொன்னோம். காலையில் நல்ல உறைபனி, இருந்தும் 300-க்கு மேல் வந்துவிட்டார்கள். முதலாளியே எழுந்து நின்று, உங்கள் பெயரும் கணக்கு எண்ணும் எங்கள் கவனக் குறைவால் வெளியே போய்விட்டன, மன்னிக்க வேண்டும் என்றார். சத்தம் வரும் என்று பயந்தேன். வந்தது, ஐந்து நிமிடம். அப்புறம் ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டார்கள். ஒரு பாட்டி, கணக்கையே மூடிவிட வேண்டுமா என்றார். வேண்டாம் பாட்டி, யார் போனில் கேட்டாலும் நம்பரைச் சொல்லாதீர்கள், பேக்டரியிலிருந்து யாரும் போனில் எதுவும் கேட்கமாட்டோம் என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பி மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். எங்கள் பையன்தான் எல்லோருடைய போனிலும் எஸ்.எம்.எஸ். அனுமதி எந்த ஆப்களுக்கு இருக்கிறது என்று பார்த்துக் கொடுத்தான். மாலை நான்கு மணி வரை நின்றான். இரண்டு போன்களில் அந்தப் பி.எம். கிசான் கோப்பு இருந்தது.

வராதவர்கள் 97 பேர். அதில் கீழ்க்கோத்தகிரி பக்கத்து ஆட்கள் அதிகம், பலருக்கு அங்கே சிக்னலே சரியாகக் கிடைப்பதில்லை. நாளை இலை வண்டியோடு நானும் போகிறேன்.